மோட்டார் ரூம் நிழல்

1

இந்தக் கதை ஒரு வரியிலிருந்து வந்தது. அந்த வரியை எழுதியவன் நான். "இனி இருள் இல்லை." மூன்றே சொல். எழுத ஒரு டீ குடிக்கும் நேரம்கூட ஆகவில்லை. அதை நாற்பதடி அகலத்துக்கு, ஒரு பாறையின் மேல், வெளிச்சத்தால் எழுதிக் காட்டினார்கள். கைதட்டினார்கள். நானும் தட்டினேன், என் வரிக்கே.

போடியில் ஒரு கல்லூரியில் தமிழ் நடத்துகிறேன். அழைப்பிதழ், வரவேற்புரை, வாழ்த்துரை என்று யார் கேட்டாலும் எழுதிக் கொடுப்பேன். மறுக்கத் தெரியாத மனுசன் என்று வெளியில் எனக்கு நல்ல பெயர். கோழை என்பதை இப்படி மரியாதையாகவும் சொல்லலாம் என்று எனக்கு இப்போதுதான் தெரிகிறது.

ஒளி வந்த கதையை விழா மலருக்கு எழுதிக் கொடுங்கள் என்று கேட்டார்கள். சரி என்றேன். முதல் தொடக்கம் இது:

"மேற்கு மலைகள் நீலத் துயில் கொள்ளும் அந்திப் பொழுதில், பகையால் பிளவுண்ட ஒரு சிற்றூரின் நெஞ்சில் நம்பிக்கையின் முதல் கதிர்..."

அடித்துவிட்டேன். எந்த மலை தூங்குகிறது? விடிய விடிய குமுளிக்கு ஜீப் ஏறிக்கொண்டிருக்கிறது.

இரண்டாவது தொடக்கம்:

"ஜெசிந்தாவின் செவ்வந்திச் செடிகள் இடுப்புயரம் வளர்ந்திருந்தன. ஒன்றில்கூட மொட்டு இல்லை."

இது இருக்கட்டும். விழா மலருக்கு ஆகாது. அதனால்தான் இருக்கட்டும் என்கிறேன்.

2

ஊருக்குக் கரட்டுப்பட்டி என்று நானே பெயர் வைத்திருக்கிறேன். அசல் பெயரைச் சொன்னால் எனக்கு அங்கே டீ கிடைக்காது. சின்னமனூருக்குத் தெற்கே, மேற்கில் கரடு என்கிற ஒரு மொட்டைப் பாறைக் குன்று, அதன் அடியில் பூக்காடு, அப்புறம் ஊர். கோயில் தெரு ஒன்று, கிறிஸ்தவர்கள் இருக்கும் சர்ச் தெரு ஒன்று. இரண்டு வருடத்துக்கு முன்னால் இந்த இரண்டு தெருவும் அடித்துக்கொண்டன.

(காரணத்தை எழுதி, அழித்துவிட்டேன். சொன்னால் நீங்கள் உடனே ஒரு பக்கம் எடுத்துக்கொள்வீர்கள். உங்களை எனக்குத் தெரியும்.)

அடிதடியில் ஜெசிந்தாவின் கணவர் சூசைமுத்துவுக்கு வலது கை இரண்டு இடத்தில் முறிந்தது. இன்றுவரை அந்தக் கையால் மண்வெட்டி பிடிக்க முடியாது. பக்கத்துக் காட்டுக்காரர் தங்கபாண்டி கோயில் தெரு. அவருடைய மகனைப் போலீஸ் பிடித்துப்போய் இருபத்திரண்டு நாள் உள்ளே வைத்திருந்தது. வழக்கு இன்னும் முடியவில்லை. ஜெசிந்தாவுக்கும் தங்கபாண்டிக்கும் கிணறு ஒன்று, மோட்டார் ஒன்று, முறை மட்டும் வேறு. அந்த இரண்டு வருடமும் ஒரு வார்த்தை பேசாமல் தண்ணீர் பாய்ச்சினார்கள். தன் முறை முடிந்தவர் மோட்டார் ரூம் கதவைத் திறந்துபோட்டுவிட்டுப் போவார். கதவு திறந்திருந்தால் மற்றவர் வருவார். அவ்வளவுதான் பேச்சு.

பிறகுதான் சமாதானக் கமிட்டி வந்தது. தலைவர் வைகுண்டராஜ், அரிசி ஆலை முதலாளி. அவர் சென்னையிலிருந்து ஒரு ஒளிக்கலைக் குழுவைக் கூட்டிவந்தார். கரட்டின் பாறை முகத்துக்குச் சுண்ணாம்பு அடித்தார்கள். கோயில் பக்கம் ஒரு விளக்குக் கோபுரம், சர்ச் பக்கம் ஒரு விளக்குக் கோபுரம். ஒன்றிலிருந்து மஞ்சள் ஒளி, மற்றதிலிருந்து நீல ஒளி. இரண்டும் பாறையில் சேர்ந்தால் வெள்ளை. நடுவில் என் வரி. உத்தமபாளையத்திலிருந்து பார்த்தால்கூடத் தெரியும் என்றார்கள்.

சர்ச் பக்கத்துக் கோபுரத்துக்கு இடம் யார் கொடுத்தது? ஜெசிந்தாதான். யாரும் கட்டாயப்படுத்தவில்லை.

"எங்க காட்டு மூலையில நட்டுக்கங்க. எனக்கு ஒண்ணும் தர வேணாம். ரெண்டு தெருவும் மொகத்துக்கு மொகம் பேசுனாப் போதும்," என்று சொன்னாள்.

ஆகஸ்டு பதினைந்து சாயங்காலம் விளக்குப் போட்டார்கள். பாறை வெள்ளையாகப் பூத்ததும் கூட்டம் ஓவென்று கத்தியது. ஜெசிந்தா தன் வரப்பில் நின்றிருந்தாள். தங்கபாண்டி அவர் வரப்பில் நின்றிருந்தார். அவர் பாறையைப் பார்த்தபடியே கேட்டார்:

"ஏத்தா, சூசைக்குக் கை எப்பிடி இருக்கு?"

"மடக்க வரலண்ணே. மத்தபடி பரவால்ல."

இரண்டு வருடத்தில் முதல் பேச்சு. இதை எழுதாமல் விட்டால் என் கோபத்துக்கு வசதியாக இருக்கும். ஆனால் நடந்தது. அந்த வெளிச்சத்தில்தான் நடந்தது. ஜெசிந்தா அன்றைக்கு வீட்டுக்குப் போய் அழுதாள் என்று சூசைமுத்து சொன்னார்.

3

விளக்கு தினமும் ஏழு மணியிலிருந்து பத்து மணிவரை எரியும், நாற்பது நாளில் கழற்றிவிடுவோம் என்பதுதான் ஏற்பாடு. குழு அதை எழுதியே கொடுத்திருந்தது. பிறகு எப்படி விடிய விடிய எரிந்தது என்று கேளுங்கள்.

கம்பத்திலிருந்தும் கூடலூரிலிருந்தும் ஜனம் வண்டி கட்டிக்கொண்டு வந்தது. பஜ்ஜிக் கடை வந்தது. படம் எடுத்துக்கொள்ள ஒரு மேடை கட்டினார்கள். ஒருநாள் கோயில் பக்கத்து விளக்கை அணைக்கப் பத்து நிமிடம் தாமதமாகிவிட்டது. பாறை மஞ்சளாக நின்றது. மறுநாள் சர்ச் தெருக்காரர்கள் தங்கள் விளக்கைப் பத்தரைக்கு அணைத்தார்கள். அடுத்த நாள் கோயில் தெரு பதினொன்று. இவர்கள் பன்னிரண்டு. ஒரு வாரத்தில் யாரும் அணைப்பதே இல்லை என்று ஆகிவிட்டது. ஒற்றுமை விளக்கு இரவு முழுவதும் எரிந்தது வீம்பினால்தான். நாற்பது நாள் கெடு தாண்டியும் யாரும் கழற்றவில்லை; கமிட்டி அதற்கு "அணையா ஒளி" என்று பெயர் வைத்தது.

(அந்தப் பெயரையும் நானா வைத்தேன் என்று நீங்கள் யோசிக்கிறீர்கள். ஆமாம்.)

ஜெசிந்தாவின் முக்கால் ஏக்கரில் செவ்வந்தி அந்த வருடம் தழைத்ததே, அப்படி ஒரு தழைப்பை யாரும் பார்த்ததில்லை. இலை ஒவ்வொன்றும் உள்ளங்கை அகலம். வரப்பில் போகிறவர்கள் நின்று பார்த்தார்கள். "வெளிச்சம் வந்த நேரம், காடு எப்பிடிக் கொழிக்குது பாரு," என்றார்கள். அவளும் அப்படித்தான் நினைத்தாள். இடம் கொடுத்ததற்குக் கிடைத்த ஆசீர்வாதம் என்று மாதா சிலை இருக்கும் கெபியில் மெழுகுவர்த்தி ஏற்றினாள். சூசைமுத்துவால் வேலை செய்ய முடியாத வீடு. அந்தக் குடும்பத்துக்கு வருடம் பூராவுக்குமான சோறு அந்தச் செடிகளில்தான் இருந்தது. நவம்பரில் வரும் கல்லறைத் திருநாளிலிருந்து பொங்கல்வரை பறிக்க வேண்டிய பூ.

செப்டம்பர் முடிந்தது. மொட்டைக் காணோம். உரம் கூடிவிட்டதோ என்று தண்ணீரைக் குறைத்தாள். நாற்றுக் கொடுத்தவனைப் போனில் திட்டினாள். ஏதோ ஒரு மருந்தடித்தாள். செடி சந்தோஷமாக இன்னும் ஒரு சாண் வளர்ந்தது.

4

அக்டோபர் முதல் வாரம், காலை ஏழு மணி. ஜெசிந்தா மோட்டார் ரூம் கதவைத் திறந்துபோட வந்தவள் சுவருக்குக் கிழக்கே பார்த்தாள். சுவரை ஒட்டி எட்டடி நீளம், ஆறடி அகலம், கொஞ்சம் சாய்வாக, அந்த இடத்தில் மட்டும் செடிகள் குட்டையாக இருந்தன. அந்த இடத்தில் மட்டும் மொட்டு. ஒன்றிரண்டு விரிந்தே விட்டது.

அவள் பாறையைப் பார்த்தாள், சுவரைப் பார்த்தாள், பூவைப் பார்த்தாள். ராத்திரியில் பாறையில் பட்டுத் திரும்பும் வெளிச்சத்தை மோட்டார் ரூம் மறைக்கும். அந்த நிழல் விழும் இடம் அது. வேறு எந்த வித்தியாசமும் இல்லை.

அவள் போன் செய்ய, தோட்டக்கலை அலுவலர் ஜெபஷீலா மறுநாளே ஸ்கூட்டியில் வந்துவிட்டார். அவர் ஒரு நிமிடத்தில் சொல்லிவிட்டார்:

"செவ்வந்திக்கு ராத்திரி நீளமா இருந்தாத்தான்க்கா மொட்டு வைக்கும். நீங்க அதுக்கு ராத்திரியே குடுக்கல. செடி இன்னும் சித்திரைன்னு நெனச்சுக்கிட்டு வளந்துக்கிட்டு இருக்கு."

"இப்ப அணைச்சா?"

"ஒரு முப்பது ராத்திரி நல்ல இருட்டு கெடச்சா மொட்டு கட்டிரும். மார்கழிக்குப் பூ வந்துரும். இன்னும் தள்ளுனா இந்த வருஷம் இல்ல."

இந்த இடத்தில் நான் எழுதுவதை நிறுத்தி, எழுந்து போய், முகம் கழுவிவிட்டு வந்தேன். ஏனென்றால் என் கை, பழக்கதோஷத்தால், இப்படி ஒரு வாக்கியத்தைத் தொடங்கியிருந்தது: "வெளிச்சம் மறுத்த பூவை நிழல் ஈன்றது, ஒளியின் கருவறை இருளே என்பதை..."

நிழலில் பூத்த பூ, ஆகா என்ன ஒரு படிமம் என்று சொல்ல வாயெடுத்தவர்கள் தயவுசெய்து வாயை மூடுங்கள். நானும் மூடிக்கொள்கிறேன். அது படிமம் இல்லை. நாற்பத்தெட்டு சதுர அடிப் பூ. மீதிக் காடு பூரா வெறும் இலை. இலையை யார் வாங்குவார்கள்?

5

சமாதானக் கமிட்டி பள்ளிக்கூடத்தில் கூடியது. மாலை நான்கு மணி. இரண்டு தெருவும் வந்திருந்தது. வரி எழுதியவர் என்று எனக்கு முன்வரிசையில் நாற்காலி.

ஜெசிந்தா எழுந்து கேட்டாள். வீட்டில் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்தது போல நிதானமாகக் கேட்டாள்.

"முப்பது ராத்திரி மட்டும் அணைச்சு வைங்க. அப்பறம் வருஷம் பூரா எரியட்டும். எடங் குடுத்தவளே நாந்தான். நான் வெளக்குக்கு எதிரி இல்ல. எங்களுக்கு இருட்டு வேணும், அம்புட்டுத்தான்."

வைகுண்டராஜ் மெல்லச் சிரித்தார். நல்ல மனிதர். கெட்ட மனிதராக இருந்திருந்தால் எனக்கு எழுதச் சுலபமாக இருந்திருக்கும்.

"அணைக்கலாம்தா. யாரு பக்கத்து வெளக்க மொதல்ல அணைக்கிறது? அதச் சொல்லு."

கோயில் தெருவிலிருந்து ஒரு குரல்: "ஆயுத பூசை, தீவாளி வருது. இந்நேரம் பாத்து சர்ச் தெருக்காரி வந்து அணைக்கச் சொல்றான்னா என்ன அர்த்தம்?"

சர்ச் தெருவிலிருந்து, அவள் சொந்தக்காரர்களே: "நம்ம பக்கம் மட்டும் இருட்டாக் கெடந்தா தோத்த மாதிரி இருக்குமேத்தா. நீ எதுக்கு நம்ம தெருப் பேரக் கெடுக்குற?"

"ரெண்டையும் ஒண்ணா அணைங்க," என்றாள் அவள்.

"ரெண்டையும் அணைச்சா ஒத்துமை போச்சுன்னுல்ல சொல்லுவாக," என்றார் வைகுண்டராஜ். என் பக்கம் திரும்பினார். "நீங்க படிச்சவுக. நீங்க சொல்லுங்க சார்."

நான் எழுந்து பேசியதை இங்கே அப்படியே எழுதுகிறேன், தண்டனையாக. "ஒளி என்பது ஒரு குறியீடு. குறியீடுகளை நாம் எளிதில் அணைத்துவிடக் கூடாது. அதே வேளையில் சகோதரியின் உணர்வுகளையும் மதிக்க வேண்டும்." உட்கார்ந்துவிட்டேன். இதற்கு என்ன அர்த்தம் என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

கை தூக்கச் சொன்னார்கள். விளக்கு எரியட்டும் என்பவர்கள் கை தூக்குங்கள். கோயில் தெரு முழுக்கத் தூக்கியது. சர்ச் தெரு முழுக்கத் தூக்கியது. இரண்டு வருடத்தில் அந்த இரண்டு தெருவும் ஒரு விஷயத்தில் ஒன்று சேர்ந்தது அன்றைக்குத்தான். யாருக்கு எதிராக என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை. முன்வரிசையில் உட்கார்ந்துகொண்டு கை தூக்காமல் இருப்பது கஷ்டம். நான் தூக்கினேன்.

ஜெசிந்தா தங்கபாண்டியைப் பார்த்தாள். அவர் காட்டுச் செவ்வந்தியிலும் மொட்டு இல்லை. அவர் தரையைப் பார்த்துக்கொண்டு கை தூக்கியிருந்தார்.

(தங்கபாண்டியை என்னால் நம்ப முடியவில்லை. இப்படி ஒரு பாத்திரம் கதையில் நிற்காது. பேசத் தொடங்கியவரே கை தூக்குவாரா? அதனால் அவரை நேரில் போய்க் கேட்டேன். "மகன் கேஸு இன்னும் நடக்குது சார். கமிட்டி சொல்லித்தான் எதிர்த்தரப்பு சாட்சி சொல்லாம அமைதியா இருக்காக. செடிய அடுத்த வருசம் வச்சுக்கலாம். மகன அப்பிடி வைக்க முடியுமா?" என்றார். என் சந்தேகத்தை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். கோபத்தை வாங்கவில்லை.)

6

முடிவு ஒன்று. அன்று மாலையே ஜெசிந்தா அரிவாளை எடுத்துக்கொண்டு போய்க் கேபிளை வெட்டுகிறாள். பாறை இருள்கிறது. வானத்தில் நட்சத்திரம். இதை ஒரே மூச்சில், பல்லைக் கடித்துக்கொண்டு எழுதினேன். நன்றாக வந்திருந்தது. அவளிடமே படித்துக் காட்டினேன். அவள் எழுந்து நின்றுவிட்டாள்.

"என்ன சார் எழுதி வச்சிருக்கீக? வெட்டுனது எந்தத் தெருக்காரின்னுதான் கேப்பாக. எதுக்கு வெட்டுனான்னா கேப்பாக? அன்னைக்கே எங்க வீட்டுமேல கல்லு விழும். இவருக்கு மிச்சம் இருக்கறது ஒரு கை. உங்க கோவத்த என் கையில குடுத்துத் தீத்துக்காதீக."

கிழித்துவிட்டேன்.

முடிவு இரண்டு. ஊர் மனம் திருந்துகிறது. இரண்டு தெருப் பெண்களும் சேர்ந்து போய் விளக்கை அணைக்கிறார்கள். காடெல்லாம் மஞ்சள் மஞ்சளாய்... இது விழா மலருக்கு மிகவும் பிடிக்கும். எனக்கு வாந்தி வந்தது.

முடிவு மூன்று. மழைக் காற்றில் கோபுரங்கள் சாய்கின்றன. கடவுளை வேலைக்கு அமர்த்தும் அளவுக்கு நான் இன்னும் இறங்கவில்லை.

7

இனி எழுதுவது முடிவு இல்லை. நடந்துகொண்டிருப்பது.

கூட்டம் முடிந்த மறுநாளிலிருந்து ஜெசிந்தா காட்டை மூடுகிறாள். அவளிடம் இருந்த சேலைகள், கிழித்துத் தைத்த உரச்சாக்குகள், பழைய ஃபிளெக்ஸ் பேனர்கள். மூங்கிலை வளைத்து நட்டு, பாத்திக்கு மேல் போர்த்தி, ஓரத்தில் கல் வைக்கிறாள். தினமும் மாலை ஐந்தரைக்கு மூடி, காலை ஆறரைக்கு எடுக்க வேண்டும். சூசைமுத்து ஒரு முனையை இடது கையால் பிடிக்கிறார். அறுபது பாத்தியில் ஒன்பதைத்தான் மூட முடிகிறது. மழை பெய்தால் துணி தண்ணீர் கோத்துச் செடிமேல் தொங்கும். போய்த் தட்டிவிட வேண்டும். பேனர்களில் ஒன்று, தொடக்க விழாவுக்கு அடித்தது. வைகுண்டராஜ் அதில் கும்பிட்டுக்கொண்டு செவ்வந்திமேல் படுத்திருக்கிறார்.

பதினெட்டாம் நாள் மொட்டு வந்தது. ஒன்பது பாத்தியிலும் வந்தது. ஜெசிந்தா எனக்குப் போன் பண்ணி, "வந்துருச்சு சார், மொளகு மாதிரி இருக்கு," என்றாள். அன்று மட்டும் அவள் குரலில் சிரிப்பு இருந்தது.

அதற்குள் புகார் வந்துவிட்டது. படமெடுக்கும் மேடையிலிருந்து பார்த்தால் அந்தக் கந்தல்தான் முதலில் தெரிகிறதாம். பிணங்களை வரிசையாக மூடிப் போட்ட மாதிரி இருக்கிறதாம். வருகிறவர்கள் முகம் சுளிக்கிறார்களாம். கமிட்டி முடிவெடுத்தது, அந்தப் போர்வைகளை உடனே அகற்றும்படி ஜெசிந்தாவுக்கு ஒரு கடிதம் கொடுப்பது. வைகுண்டராஜ் போன் செய்தார்.

"கடுசா இருக்கக் கூடாது சார். நல்ல தமிழ்ல, மனசு நோகாம எழுதணும். அதுக்குத்தான் உங்களக் கேக்கறோம்."

தாளும் வந்து சேர்ந்தது. வேலை சுலபமாகட்டும் என்று கையெழுத்தை முதலிலேயே வாங்கிவிட்டார்கள். அடியில் நான்கு வரிசையாக அறுபத்து மூன்று கையெழுத்து. இரண்டு தெருப் பெயரும் கலந்து, ஒரே தாளில். தங்கபாண்டியின் பெயர் அதில் இருக்கிறதா என்று கேட்பீர்கள். தேடவில்லை. தேட எனக்குப் பயமாக இருக்கிறது.

ஜெசிந்தாவுக்குப் போன் செய்து விஷயத்தைச் சொன்னேன். என்னால் எழுத முடியாது என்று சொல்லிவிடப் போகிறேன் என்றேன். பின்னால் துணி உதறும் சத்தம் கேட்டது.

"நீங்க எழுதலைன்னா வேற ஆளு எழுதுவாக சார். அது இன்னும் அசிங்கமா இருக்கும். நீங்களே எழுதுங்க. ஒண்ணே ஒண்ணு. எம் பேருக்கு முன்னால மதிப்பிற்குரியன்னு மட்டும் போடாதீக."

போனை வைத்துவிட்டாள். மூடும் நேரம்.

கடிதம் இதுவரை இவ்வளவுதான்:

"மதிப்பிற்குரிய" (அடித்தாகிவிட்டது)

"திருமதி சூ. ஜெசிந்தா அவர்களுக்கு, கரட்டுப்பட்டி இரு தெரு மக்களும் ஒருமனதாக எழுதிக்கொள்வது. தாங்கள் தங்கள் வயலில்..."

"நாங்கள் எங்கள் விளக்கை..."

இங்கே பேனா நின்றுவிட்டது. இரண்டில் எந்த வரியும் இன்னும் முடியவில்லை. கையெழுத்துக்கு மேலே முக்கால் பக்கம் காலியாகக் கிடக்கிறது. அதில் என்ன எழுதினாலும் அறுபத்து மூன்று பேரும் ஏற்கெனவே ஒத்துக்கொண்டாகிவிட்டது. முப்பது ராத்திரி இரண்டு விளக்கையும் சேர்த்தே அணைக்கச் சம்மதம் என்று எழுதினாலும்தான். எனக்குத் துணிச்சல் இல்லை என்பதை இவ்வளவு நேரம் படித்த உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. நாளை காலை பத்து மணிக்கு அரிசி ஆலையிலிருந்து தாளை வாங்க ஆள் வருகிறார். பேனாவை நீங்கள் பிடியுங்கள்.